மூன்றாம் மாடிக்கு ஒரு பதில்

ஜூன் 8

பாதிப் பென்சிலுக்கு,

உன் நிஜப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் நூலகத்தின் இரண்டாம் மாடியில் உனக்கு இதுதான் பெயர். மேசைமேல் கிடக்கும் கட்டைப் பென்சிலைத் தவிர வேறெதிலும் எழுதமாட்டேன் என்று அடம்பிடித்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? நீ ஊரைவிட்டுப் போய் இந்த மாதத்தோடு இரண்டு வருஷம். விடுதியில் எல்லாம் பழகியிருக்கும்.

சனிக்கிழமை வட்டம் நடக்கிறது. பதினான்கு பேர் வருகிறார்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு நிமிஷம் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. புதிதாக ஒருவன் வருகிறான், எல்லாரும் 'வக்கீல்' என்கிறார்கள். போன வாரம், "இந்த புக் நல்லா இல்லன்னு சொல்ல எதுக்குக்கா ரெண்டு நிமிஷம்? ரெண்டு செகண்ட் போதும்" என்றான். பக்கத்திலிருந்தவள், "ஏன் நல்லா இல்லன்னு சொல்லு பாப்போம்" என்று கிளறிவிட்டாள். பதினொரு நிமிஷம் பேசினான். கடைசியில் அதையே மறுபடி வீட்டுக்கு எடுத்துப் போனான்.

சீட்டுப் பெட்டியும் அதே இடத்தில்தான். புதுப் பிள்ளைகளுக்கு விதியைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது: பிடித்த புத்தகம் மூன்று எழுது, பிடிக்காதது ஒன்று எழுது, அடுத்தது எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுது. வயது பதிமூன்றிலிருந்து பதினெட்டுக்குள். புனைபெயர் போதும். சீட்டைப் பலகையில் குத்தி, கீழே என் பதிலையும் குத்துவேன். ஒரு வாரம் கழித்துப் பதிலை நீ எடுத்துக்கொள்ளலாம், சீட்டு கோப்புக்குப் போகும். யார் எழுதியது என்று நான் கேட்கமாட்டேன், யார் கேட்டாலும் சொல்லமாட்டேன். உன் முப்பத்தொரு சீட்டும் அந்தக் கோப்பில் இருக்கின்றன. படிக்கிறார்கள்.

லிஃப்ட்தான் இரண்டு மாதமாக முனகுகிறது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை அதைப் பார்க்க வருகிற உன் அப்பா வரவில்லை. கம்பெனியிலிருந்து வேறு யாரையோ அனுப்பினார்கள்.

ஒரு தடவை வீட்டுக்கு வந்து போயேன். வேறு ஒன்றுமில்லை.

அக்கா

*

ஜூன் 19

அக்கா,

'வேறு ஒன்றுமில்லை' என்று நீங்கள் எழுதினால் ஏதோ இருக்கிறது என்று பொருள். அத்தை உங்கள் மேசைக்கு வந்து அழுதாளா? நான் நன்றாக இருக்கிறேன், ஜன்னல் பக்கக் கட்டில் கிடைத்துவிட்டது என்று அவளிடம் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு லிஃப்டோடு பேச வரும். அதன் வயிற்றுக்குள் தலையைவிட்டு, "என்னடா ஆச்சு உனக்கு, நேத்து நல்லாத்தான இருந்த" என்பார். சின்ன வயதில் வேலைக்குக் கூட்டிப் போனபோது பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அம்மா இறந்தபோது எனக்குப் பதினொன்று. அன்றிலிருந்து என்னிடம் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சாப்பிட்டியா?" நான், "ஆச்சு." தினமும் இவ்வளவுதான். சாப்பிடாத நாளிலும் ஆச்சு என்றேன். அவர் ஒருநாளும் அதற்குமேல் கேட்டதில்லை. இப்போது மாதம் ஒருமுறை கூப்பிடுகிறேன். அதே கேள்வி, அதே பதில். மீதி நேரம் இரண்டு பக்கமும் மின்விசிறி ஓடும் சத்தம்.

வெளியூரில் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று என்ன செய்தார் தெரியுமா? பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். கவிழ்த்துப் போட்டு, ஆடிக்கொண்டிருந்த சக்கரத்தை இறுக்கினார். எண்ணெய் விட்டார். கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உருட்டிப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார். போகாதே என்று ஒரு வார்த்தை வரும் என்று வாசற்படியில் நின்றுகூடப் பார்த்தேன்.

பேசாத வீட்டைவிட்டுப் போகிறவர்கள் வருகிற புத்தகம் வேண்டும் என்று என் கடைசிச் சீட்டில் கேட்டிருந்தேன். ஒரு துணிப்பையோடு ரயிலேறிப் போகிற பெண்ணின் கதையைத் தந்தீர்கள். அவள் திரும்பியே பார்க்கவில்லை. நீங்கள் காட்டிய வழியில் வந்தவளை நீங்களே கூப்பிட்டால் எப்படி?

பாதிப் பென்சில்

*

ஜூலை 1

பென்சில்,

அத்தை வரவில்லை. அவள்மேல் பழி போடாதே.

முதலில் ஒரு கேள்வி. அந்த ரயில் புத்தகத்தை நீ கடைசிவரை படித்தாயா? நீ திருப்பித் தந்தபோது, அடையாளத்துக்கு நீ வைத்த காகிதத் துண்டு உள்ளேயே இருந்தது. முடிய நாற்பத்தாறு பக்கம் இருக்கும்போது. முக்கால்வாசி படித்துவிட்டுப் பெட்டியைக் கட்டிவிட்டாயோ என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

இரண்டாவது. உன் அப்பா வேலைக்கு வருவதில்லையே தவிர, வருகிறார். லிஃப்டுக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்காருகிறார். லிஃப்டில் ஏறி வந்தவருக்கு ஏன் அப்படி மூச்சு வாங்குகிறது? "என்னங்கண்ணே, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றேன். "டெஸ்ட் எல்லாம் எடுத்திருக்கும்மா. பழைய மெஷினு, கொஞ்சம் சத்தம் போடத்தான் செய்யும்" என்றார்.

மூன்றாவதைச் சொல்ல முடியாமல்தான் இந்தக் கடிதத்தை இரண்டு தடவை கிழித்தேன். எனக்கு ஒன்று தெரியும். அது உனக்கும் தெரிய வேண்டும். ஆனால் சீட்டுப் பெட்டி வழியாக வந்தது. "எங்க பொண்ணு என்னதான் எழுதிப் போடுது, கொஞ்சம் காட்டுங்களேன்" என்று உன் அத்தை ஒருநாள் கெஞ்சியபோது நான் வாய் திறக்கவில்லை. அன்று நீ ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாய். உனக்கு ஒரு நியாயம், மற்றவருக்கு ஒரு நியாயம் என்று வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த மாதமே வா.

அக்கா

*

ஜூலை 9

அக்கா,

இருபத்தெட்டாம் தேதிவரை தேர்வு. இருபத்தொன்பது காலையில் அங்கே இருப்பேன், போதுமா? அப்பாவிடமும் போனில் சொல்லிவிட்டேன். "சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "சரி."

அவருக்கு நான் பிறந்ததிலிருந்து இருமலும் மூச்சு வாங்கலும்தான். லிஃப்ட் குழியின் தூசி அப்படி. நீங்கள் இப்போதுதான் பார்க்கிறீர்கள், அதனால் பயப்படுகிறீர்கள்.

எந்தப் பிள்ளையோ எழுதிப் போட்ட சீட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. சொல்ல முடியாது என்றால் எழுதியிருக்கவே வேண்டாம். பாடத்தைத் திறந்தால் அதுதான் வந்து நிற்கிறது. தேர்வு முடியும்வரை உங்கள் கடிதம் வந்தாலும் பிரிக்கப் போவதில்லை. கோபம் இல்லை, கவனம் சிதறுகிறது, அவ்வளவுதான்.

ரயில் புத்தகத்தை முடிக்கவில்லை. அவள் இறங்கிவிட்டாள், அது போதும் எனக்கு.

பாதிப் பென்சில்

*

ஜூலை 17

பென்சில்,

பிரிக்கமாட்டேன் என்று எழுதிவிட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன்.

யாருடைய சீட்டோ அவரிடமே போய், சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "இன்னும் நாப்பது பக்கம் இருக்கும்மா. முடிச்சிட்டு நானே சொல்றேன். அவசரப்படாத" என்றார். அவர் படிக்கிற வேகத்துக்கு நாற்பது பக்கம் என்றால் பத்துப் பன்னிரண்டு நாள். நீ வரவும் அவ்வளவு நாள்தான். சரி என்றேன். வெளியே வந்த பிறகு, ஏன் சரி என்றோம் என்றிருந்தது.

இருபத்தொன்பதைத் தள்ளிப் போடாதே.

அக்கா

*

ஆகஸ்ட் 5

நூலகர் அவர்களுக்கு,

அப்பாவின் அடக்கத்துக்கு வந்ததற்கு நன்றி. கேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றீர்கள். உள்ளே வாருங்கள் என்று அத்தை கூப்பிட்டும் வரவில்லை. ஏன் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. இன்று விளங்குகிறது.

இருபத்துநான்காம் தேதி காலையில் தேர்வுக்கூட வாசலில் நின்று கைப்பேசியை அணைக்கப் போனேன். அத்தையின் அழைப்பு. ஐந்தே நாள். ஐந்து நாள் முன்பு வந்திருந்தால் என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளாத மணி நேரம் இல்லை. இப்போது உங்களையும் கேட்க வேண்டியிருக்கிறது.

அவருடைய கருவிப் பையைக் கம்பெனிக்குத் திருப்பித் தர வேண்டும் என்றார்கள். ஸ்பேனர்களை எடுத்து வெளியே வைத்தேன். அடியில், சுத்தமாகத் துவைத்த துணியில் சுற்றி ஒரு புத்தகம். உங்கள் நூலக முத்திரை. ரயில் புத்தகம். உள்ளே 'பழுது: இயக்க வேண்டாம்' என்று லிஃப்டில் தொங்கவிடுகிற அட்டை, அடையாளத்துக்கு. நான் நிறுத்திய இடத்தைத் தாண்டி ஆறு பக்கம் போயிருந்தார்.

அட்டைக்கு அடியில் கிளிப் போட்டுப் பதினொரு தாள். எல்லாம் உங்கள் கையெழுத்து. எல்லாவற்றிலும் முதல் வரி: 'மூன்றாம் மாடிக்கு.'

அந்தப் பெயர் யாருடையது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியே கிடையாது. லிஃப்டில் பட்டன் மட்டும் இருக்கிறது. ஐந்து வயதில் அதை அமுக்கி அமுக்கி, ஏன் போகவில்லை என்று அழுதேன். என்னைத் தூக்கி, "அது இன்னும் கட்டல கண்ணு, கட்டினதும் போலாம்" என்றார்.

இரண்டு வருஷம். என் அப்பா நான் படித்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அவரோடு பேச ஒன்றுமே இல்லை என்று நான் போனில் மின்விசிறியைக் கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

உங்கள் ஜூலை 17 கடிதத்தை அவரை அடக்கம் செய்துவிட்டு விடுதிக்குத் திரும்பிய பிறகுதான் பிரித்தேன். அது என் தவறு. மற்றது உங்கள் தவறு. வீட்டுக்குப் பயந்த பிள்ளைகளுக்காக நீங்கள் போட்ட விதி அது. அதை வைத்து ஒரு அப்பாவை மகளிடமிருந்து மறைத்துவிட்டீர்கள்.

புத்தகத்தை அஞ்சலில் அனுப்பிவிடுகிறேன்.

*

ஆகஸ்ட் 16

பென்சில்,

அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. வேறு பெயரில் கூப்பிடக் கை வரவில்லை.

நீ எழுதியது சரி. நான் எனக்காக எதையும் வாதாடப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதைக் கேட்க உனக்கு உரிமை இருக்கிறது.

நீ போன அடுத்த மாதம் முதல் சீட்டு வந்தது. 'வயது பதினாறு. பாதிப் பென்சில் படித்த புத்தகமெல்லாம் எனக்கும் வரிசையாக வேண்டும். முதலில் ஒல்லியானது.' பிடித்த புத்தகம் என்ற இடத்தில் ஒன்றுமில்லை. எவனோ உன்மேல் பைத்தியமாக இருக்கிறான், நீ ஊரில் இல்லாதது தெரியாமல் உன் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். பாவம் என்று சிரித்தேன். ஒல்லியான ஒன்றைச் சொன்னேன்.

நான்கு மாதம் அந்தப் பையனுக்குத்தான் பதில் எழுதினேன். கடைசியில் கீழே கவுன்டரில் இருக்கிறவள் சொன்னாள்: "உங்க பசங்க புக்கெல்லாம் லிஃப்ட் அண்ணன் எடுத்துட்டுப் போறாரு. யாருக்குண்ணேன்னு கேட்டா, ஒரு பையனுக்குங்கிறாரு. அவரு வீட்டுல ஏதுக்கா பையன்?" அன்றுதான் சீட்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். எல்லாம் முதல் திங்கட்கிழமையை ஒட்டி வந்தவை. எல்லாவற்றின் ஓரத்திலும் மசகு படிந்த கட்டைவிரல் தடம். கோப்பிலிருந்த உன் கையெழுத்தை அவர் அடையாளம் கண்டிருக்க வேண்டும். அவருடைய சீட்டுகளை எடுத்து என் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். நீ எப்போதாவது வந்து கையெழுத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று. அதைக் காவல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையில் நீ பதினான்கு வயதில் படித்த அந்த நாய்க் கதை.

"அந்தக் கெழவன் நாய் செத்ததுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசலியே, ஏம்மா?" என்றார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"வாயத் திறந்தா அழுதுருவான்ல."

"இதையே சீட்டுல எழுதுங்களேன்."

"பதினாறு வயசுப் பய இப்பிடி எழுதுவானா? கண்டுபிடிச்சிருவாங்கம்மா" என்று சிரித்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தது அப்போதுதான். அதன்பிறகும் வயது பதினாறு என்றேதான் எழுதினார்.

உன்னிடம் சொல்லட்டுமா என்று அவரை மூன்று முறை கேட்டிருக்கிறேன். முதல் முறை, "பாதிதான் படிச்சிருக்கேன். பாதிய வச்சிக்கிட்டு அவகிட்டப் போய் என்ன பேசுறது? அவ எல்லாம் படிச்சவ" என்றார். இரண்டாம் முறையும் அதே. மூன்றாம் முறை சொன்னதை உனக்கு எழுதினேன்.

விதி, விதி என்று எழுதினேனே, அது முழு உண்மை இல்லை. இந்தக் கட்டடத்தில் நானாக உண்டாக்கியது அந்தப் பெட்டி ஒன்றுதான். அது ஒரு அப்பாவையே மகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமை. கதை போல அது தானாக முடியட்டும் என்று காத்திருந்தேன். அவருடைய மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன். கேட்டுக்கு உள்ளே வர எனக்குக் கால் வரவில்லை.

பெட்டியைக் கழற்றிவிட்டேன். பிள்ளைகள் கேட்கிறார்கள், பழுது என்று சொல்லியிருக்கிறேன். வக்கீல், "பெட்டிக்கு என்னக்கா பழுது, ஓட்டைதான அது" என்றான்.

சீட்டுகளை இத்துடன் அனுப்புகிறேன். பன்னிரண்டு. உன்னிடம் இருப்பது பதினொரு பதில். பன்னிரண்டாவதை, அடக்கத்துக்கு மறுநாள் சனிக்கிழமை பெட்டியைத் திறந்தபோது பார்த்தேன். அதற்குப் பதில் எழுத எனக்குத் தகுதி இல்லை. தனியாக மடித்து வைத்திருக்கிறேன்.

புத்தகத்தை நீ அனுப்ப வேண்டாம்.

அக்கா

*

செப்டம்பர் 3

அக்கா,

சீட்டுகளைக் கட்டிலில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே உங்கள் பதிலை வைத்துப் படித்தேன். அறைத்தோழி, "என்ன, சீட்டாட்டமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஐந்தாவது சீட்டில், 'இதில் வருகிற பெண் பாதிப் பென்சிலைப் போலவே மூக்கைச் சுருக்குகிறாள்' என்று எழுதியிருக்கிறார். நான் மூக்கைச் சுருக்குவேன் என்றே எனக்குத் தெரியாது. ஏழாவதில், 'இது பிடிக்கவில்லை, ஆனால் அவளுக்கு ஏன் பிடித்தது என்று புரிந்தது.' சனிக்கிழமை வட்டத்தில் ஆறு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

உங்கள்மேல் கோபம் போய்விட்டதா என்று தேடிப் பார்த்தேன். போகவில்லை. காலையில் எழுந்ததும் இருக்கிறது. ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர் உட்கார்ந்த பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் நீங்கள் ஒருவர்தான். அந்த நாய்க் கதை விஷயம் போல வேறு ஏதாவது சொல்லியிருந்தால், சிறியதாக இருந்தாலும், எழுதுங்கள். ஒரு வரி என்றாலும் போதும்.

ரயில் புத்தகத்தில் அவர் படித்த அந்த ஆறு பக்கத்தை நானும் படித்தேன். இறங்கிய ஊரில் அவளுக்கு வேலை கிடைக்கிறது. ஒரு கடையில் அஞ்சலட்டை வாங்குகிறாள். முகவரியை எழுதிவிட்டு மற்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நிற்கிறாள். அங்கே அட்டை இருக்கிறது. அதற்குமேல் நான் இன்னும் போகவில்லை. அவள் திரும்புகிறாளா என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

பன்னிரண்டாவது சீட்டை நான்கு நாள் கழித்துத்தான் பிரித்தேன். உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். இருந்தாலும் எழுதிப் பார்க்கிறேன்:

'வயது பதினாறு. இந்த முறை புத்தகம் வேண்டாம். இருபத்தொன்பதாம் தேதி வீட்டுக்கு ஒருவர் வருகிறார். முதலில் என்ன கேட்பது என்று தெரியவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டால் ஆச்சு என்று சொல்லிவிடுவாள். சாப்பிட்டிருக்கமாட்டாள். முன்பும் அவள் சாப்பிடாத நாளில் எல்லாம் பாத்திரம் மூடினபடியே இருக்கும், நான் தினமும் திறந்து பார்ப்பேன். மறுபடி கேட்க எனக்கு வாய் வராது. வேறு நல்ல கேள்வி இருந்தால் பலகையில் எழுதவும். மூன்றாம் மாடி.'

பார்ப்பாராம், அக்கா. தினமும் திறந்து பார்ப்பாராம்.

பெட்டியை மறுபடி மாட்டுங்கள். எனக்காக இல்லை. வீட்டில் பேச முடியாத எந்தப் பிள்ளையோ பழுது என்ற சொல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். வயது பதிமூன்று முதல் பதினெட்டு என்ற வரியை மட்டும் அழித்துவிடுங்கள்.

சீட்டையும் என் பதிலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாருடையதையும் போலப் பலகையில் ஒரு வாரம் இருக்கட்டும். ஒரு வாரம்தான். பிறகு இரண்டையும் கோப்பில் சேர்த்துவிடுங்கள். பதிலை எடுத்துக்கொள்ள யாரும் வரமாட்டார்கள்.

பென்சிலால்தான் எழுதினேன். அழுத்தி எழுதியிருக்கிறேன், அழியாது.

*

மூன்றாம் மாடிக்கு,

சாப்பிட்டியா என்றே கேளுங்கள். வேறு கேள்வி தேட வேண்டாம்.

இந்த முறை அவள் ஆச்சு என்று சொல்லமாட்டாள். இல்லை என்பாள்.

பாத்திரத்தைத் திறந்து இரண்டு தட்டு எடுத்து வையுங்கள்.

பாதிப் பென்சில்